பிறந்த வீட்டுக் கோடி வந்த டேக்

படப்பிடிப்பில் ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, மைக்கை எங்கே மாட்டுவது, பேட்டரியை எப்போது மாற்றுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள். கற்றுக்கொள்ளாவிட்டால் உங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் இந்த வேலையை விட்டதற்குக் காரணம் என் இடது காது. இனி ஹெட்போனைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நடிகரின் சட்டைக்குள் ஒட்டும் லேப்பல் மைக் வசனத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. டேக்குக்கு முன்னால் முனகும் சாமி பெயர், வயிற்றின் இரைச்சல், வீட்டுக்காரரிடம் போனில் பல்லைக் கடித்துக்கொண்டு போடும் சண்டை, பக்கத்தில் நிற்பவரைப் பற்றிய வசை, பயத்தில் ஏறும் மூச்சு எல்லாமே உங்கள் காதுக்கு வரும். இயக்குநருக்குத் தெரியாது, கேமராமேனுக்குத் தெரியாது. கேட்டதை என்ன செய்வது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். அங்கே சத்தத்தை இரண்டாகப் பிரிப்போம். வேண்டியது, வேண்டாதது. அவ்வளவுதான்.

அந்தப் படம் சாவைப் பற்றிய நகைச்சுவைப் படம். பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. நண்பர்கள் சேர்ந்து எடுத்தார்கள். பிள்ளை இல்லாத ஒரு விதவைக்கு நாள் நெருங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். செத்த பிறகு யார் என்ன செய்வார்களோ என்ற கவலையில், தன் இழவை உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்கிறாள். பாடை கட்டுவது சரியில்லை என்று பிணமே எழுந்து திட்டும். ஒப்பாரியில் ஒரு வரி விட்டுப்போனால் பிணம் எடுத்துக்கொடுக்கும். கதையைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிணமாக நடித்தவர் வசந்தா அக்கா. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லத்திராக்கோட்டையில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அதற்கு முன் நடித்ததே கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டார். வேறு பெயரால் கூப்பிட்டால் அவர் திரும்பவே மாட்டேன் என்கிறார் என்று, இயக்குநர் கதாபாத்திரத்துக்கும் வசந்தா என்றே பெயர் வைத்துவிட்டார். ஊரும் அதே ஊர், வீடும் அவருடைய வீடு. அப்போது எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

முதல் நாளே அவருக்கு மைக் ஒட்டும்போது கேட்டார்.

"என்னத்தா இது, நெஞ்சுல கரப்பாம்பூச்சி மாதிரி?"

"நீங்க பேசுறது எனக்குக் கேக்கும்க்கா."

"இங்கிட்டு நான் பேசாத நேரமே கெடையாது. ஒங் காது என்னத்துக்கு ஆகும்?"

காது என்ன ஆனது என்று இப்போது அவருக்குத் தெரியும். போனில் பேசும்போதெல்லாம், "நான்தான் பேசிப் பேசிக் கெடுத்துப்புட்டேன்" என்பார்.

அவருக்கு ஒரு அண்ணன் உண்டு. கருப்பையா என்று பெயர், அரிமளத்தில் இருக்கிறார். அப்பா விட்டுப்போன நிலத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று அக்கா ஒருமுறை கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அக்காவின் கணவர் இறந்தபோது கூட்டத்தோடு கூட்டமாக வந்து வெளியிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாராம். இதை அக்கா என்னிடம் சொன்னதுகூட நேராக அல்ல. மேக்கப் போடும் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் அணைக்கப்படவில்லை.

"பங்கு கெடக்கட்டும் தாயி. நான் செத்தா எனக்குப் பொறந்த வீட்டுக் கோடி வரணும்ல? அது வராம கட்டையில போறதுதான் எனக்கு ஒதறலா இருக்கு."

எங்கள் பக்கத்தில் பெண் இறந்தால் அவள் உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வரும்வரை உடலை எடுக்கமாட்டார்கள். எவ்வளவு நேரமானாலும் கொட்டடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். படத்திலும் அன்று எடுக்க இருந்தது அதுதான். பிணத்தைக் குளிப்பாட்டி வைத்திருக்கிறார்கள். கோடி வரவில்லை. கொட்டுக்காரர்களுக்குப் பசி. ஒருவர் பிஸ்கட் தின்கிறார். கடைசியில் கொட்டுச் சத்தம் நிற்கும். அதுதான் அடையாளம். அப்போது பிணம் சடாரென்று எழுந்து உட்கார்ந்து, "பொறந்த வீட்ல இருந்து ஒரு ஈ காக்காகூட வரலையா?" என்று கத்தும். கூட்டம் அலறிக்கொண்டு ஓடும். மொத்தப் படத்திலும் பெரிய சிரிப்பு அங்கேதான் வரும் என்று எல்லோரும் நம்பினோம்.

அந்த வசனத்தை எழுதியவர் இயக்குநர். அக்காவின் கதை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "சினிமாதானத்தா" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இப்போது தவறு நடந்த இடத்துக்கு வருகிறேன். சாவுச் செய்தி பரவுவதைக் காட்டுவதற்காக, கலைப் பிரிவில் அக்காவின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்திருந்தார்கள். பெயர் வசந்தா, ஊர் வல்லத்திராக்கோட்டை. அக்காவுக்கு அந்தப் போட்டோ பிடிக்கவில்லை. "செத்த மூஞ்சி மாதிரி இருக்கு" என்றார். சுற்றியுள்ள ஊர்களில் பஸ் நிற்கும் இடங்களில் ஒட்டி, பஸ் கடந்து போவதுபோல் எடுத்தார்கள். எடுத்ததும் கிழித்துவிட வேண்டும் என்று பேச்சு. அரிமளத்தில் மட்டும் வெளிச்சம் போய்விட்டது, காலையில் வந்து இன்னொரு ஷாட் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தார்கள். காலையில் வேறு வேலை வந்துவிட்டது.

கோடிக் காட்சியை அடுத்த நாள் எடுத்தோம். அக்காவின் கூடம் தாழ்வானது. நீளக் கம்பியில் மைக்கைத் தூக்கிப் பிடிக்க இடமில்லை. அதனால் அக்காவின் மாலைக்கடியில் ஒரு லேப்பல், தலைமாட்டு விளக்குக்குப் பக்கத்தில் நெல் நிரப்பிய மரக்காலுக்குள் இன்னொன்று. நான் பின்கட்டில் மாட்டுக் கொட்டகையில், ஒலிகளைச் சேர்க்கும் மிக்சரோடு உட்கார்ந்திருந்தேன். கூடத்துக்குள் பெரும்பாலும் ஆவூரிலிருந்து கூட்டிவந்த நாடகக்காரர்கள். உள்ளூர் ஜனங்களைத் தெருவில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தோம். டேக் ஓடும்போது யாராவது மூச்சுவிட்டாலும் அடுத்தவர் முறைக்கும் அளவுக்கு அவர்களைப் பழக்கியிருந்தது நான்தான். வாயைத் திறக்கக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது, போனை அணைத்துவிட வேண்டும் என்று தினமும் காலையில் சொல்வேன்.

அக்காவுக்கு வாய்க்கட்டு கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விரல் கட்டு லேசாக இருந்ததைப் பார்த்து அவரே, வாய்க்கட்டுக்குள்ளிருந்தே, "நல்லா இறுக்கிக் கட்டுங்கப்பா, பொணம் நடந்து போயிரப் போவுது" என்று சொல்லித் திரும்பக் கட்டச் சொன்னார்.

டேக் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கொட்டு, உள்ளே ஒப்பாரி. திடீரென்று ஒப்பாரி ஒரு கணம் தடுமாறியது. யாரோ உள்ளே வரும் காலடி. எவர்சில்வர் தட்டு ஒன்று சிமெண்டுத் தரையில் வைக்கப்படும் சத்தம். ஸ்கிரிப்டில் அப்படி எதுவும் இல்லை. கூட்டத்தில் யாரோ சொந்தமாக ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன். இயக்குநரும் அப்படித்தான் நினைத்தார் என்று பிறகு சொன்னார். நல்ல முகம், நன்றாக நடிக்கிறார், யார் அனுப்பினார்கள் என்று வியந்துகொண்டிருந்தாராம்.

லேப்பலில் புதுத்துணி விரியும் மொடமொடப்பு கேட்டது. அதற்கு மேல் ஒரு ஆணின் குரல், மிகப் பக்கத்தில்.

"ஏ ஆத்தா வசந்தா. ஒங்கண்ணன் வந்துருக்கேன். கண்ணத் தொறந்து பாருத்தா."

அதற்குக் கீழே, இன்னும் பக்கத்தில், கட்டிய வாய்க்குள்ளேயே இன்னொரு குரல்.

"அண்ணே."

அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஒப்பாரிச் சத்தத்தில் அண்ணனுக்கேகூடக் கேட்கவில்லை.

கருப்பையா போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வரவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. தெருமுனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. வாசலில் பந்தல், பாடை. உள்ளே கேமரா இருப்பதும் அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் இழவு விழுந்த கேத வீட்டில், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்காகக் கேமரா வைப்பது வழக்கமாகிவிட்டது. தெருவில் நின்ற உள்ளூர்க்காரர்களுக்கு அவரைத் தெரியும். அண்ணனும் தங்கச்சியும் ராசியாகிவிட்டார்கள், அவரையும் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக் கயிற்றைத் தூக்கி வழிவிட்டார்கள். சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. டேக் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் நான் இங்கே எழுதமாட்டேன். "கேட்டப்பவே குடுத்துட்டுப் போயிருக்கலாம். நான் என்னத்தக் கட்டிட்டுப் போகப் போறேன்" என்று சொன்னதை மட்டும் சொல்கிறேன். அக்காவின் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. பிணமாக நடிப்பவருக்கு மூச்சை அடக்கக் கற்றுக்கொடுத்திருந்தோம். அவர் அடக்கிக்கொண்டிருந்தார்.

இன்னும் சற்று நேரத்தில் கொட்டு நிற்கும். நின்றால் அக்கா எழ வேண்டும். எழாவிட்டாலும் கூட்டம் அலறிக்கொண்டு ஓடும், அவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் இருந்துவிடுவது. அப்படியிருந்தால் அழுதுகொண்டிருக்கும் மனிதனின் மடிக்கு நேராகப் பிணம் எழுந்து உட்காரும், சுற்றிலும் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், அது பதிவாகும். இரண்டாவது, உள்ளே ஓடி நிறுத்தச் சொல்வது. அத்தனை பேர் நடுவிலும் அவர் ஏமாந்தவராக நிற்பார். மூன்றாவது வழி நம் வேலையிலேயே இருந்தது.

உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு இடத்திலும் ஆள் அரவமில்லாத வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்வோம். அதைத்தான் ஆம்பியன்ஸ் என்கிறோம். அப்போது எல்லோரும் வெளியேறியாக வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் வாக்கிடாக்கியில் உதவி இயக்குநரைக் கூப்பிட்டேன்.

"லேப்பல்ல கரகரன்னு வருது. இந்த டேக் உதவாது. கேமராவோட எல்லாரையும் சத்தமில்லாம வெளிய கூப்பிடுங்க. ஆம்பியன்ஸ் எடுக்கணும்."

"இப்பவா? செம டேக் போயிட்டிருக்கு மேடம்!"

"இப்பத்தான். கொட்டுக்காரங்கள நான் சொல்றவரைக்கும் நிறுத்த விடாதீங்க. அக்கா அப்பிடியே படுத்திருக்கட்டும். பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க, அவரும் இருக்கட்டும்."

"அவர் எதுக்கு?"

"அவர் அக்காவோட அண்ணன். நடிக்கல."

"ஐயோ" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. நல்ல பையன். ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினார். ஒப்பாரி அடங்கியது. கூடம் காலியானதும், இனி அக்கா எழுந்தால் அண்ணன் மட்டுமே பார்ப்பார் என்று கொட்டையும் நிறுத்தச் சொன்னேன். உள்ளே இருந்த இரண்டு மைக்குகளையும் அணைத்தேன். ஹெட்போனைக் கழற்றி மிக்சர்மேல் வைத்தேன்.

ஆகவே உள்ளே அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தட்டு உருண்டு விழும் சத்தம் வெறும் காதுக்கே கேட்டது. ஒரு ஆண் அலறினார். பிறகு தணிந்த குரலில் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுவதுபோல் இருந்தது. நான் பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்கு வந்தேன். தெரு முழுக்க ஜனம். கொட்டுக்காரர்கள், நாடகக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஆம்பியன்ஸுக்காக அசையாமல் நின்றார்கள். உண்மையான கேத வீட்டில்கூட நான் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை.

அண்ணன் வாசலுக்கு வந்தார். அழுத முகம்தான், ஆனால் கோபமில்லை. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். காப்பி கேட்கத்தானோ என்னவோ. அந்த வீட்டு மனிதரைப் போலவே இருந்தது அவர் முகம்.

அப்போது கயிற்றுக்குப் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். கருப்பையாவுக்கு உறவுமுறைக்காரர்தான், கேலி பேசும் முறை.

"என்ன மச்சான், நம்மள விட நல்லா அழுகுறீக! ஒங்களுக்கு எவ்வளவு சம்பளம் பேசிருக்காக?"

தெரு முழுவதும் அடக்கிவைத்திருந்த சிரிப்பு ஒரே நேரத்தில் வெளியே வந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. வெகுநேரம் வாயை மூடிக்கொண்டு நின்ற ஜனம், அவ்வளவுதான்.

அவர் அப்போதுதான் தெருவைப் பார்த்தார். ஜெனரேட்டர் வேன், லைட் ஸ்டாண்டுகள், பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கும் கொட்டுக்காரர், போனை உயர்த்திப் பிடித்திருந்த பையன்கள். உள்ளே தங்கச்சி என்ன விளக்கிச் சொல்லியிருந்தாலும், அது அந்தத் தெருவுக்கு முன்னால் நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் சிரிச்சாச்சுல்ல? சந்தோசம். நெசமாவே ஒருநா வரும். அன்னைக்கு எனக்கு ஆள் விடாதீங்க. செய்ய வேண்டியத நான் செஞ்சு முடிச்சுட்டேன்."

டிவிஎஸ் வண்டியை உதைத்தார். வண்டி உடனே கிளம்பவில்லை. அந்த நேரத்தில் அக்கா நிலைப்படிக்கு வந்துவிட்டார். கழுத்தில் மாலை, தோளில் அந்தப் புதுச் சேலை, மூக்கில் பஞ்சு. கால்விரல் கட்டு அவிழவில்லை. குதித்துக் குதித்து வந்திருக்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். சிரிப்புக்கும் வண்டிச் சத்தத்துக்கும் நடுவே, வாய்க்கட்டுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தம் என்னவென்று எனக்கு மட்டும் புரிந்தது. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

கூடத்தை எப்படிக் காலி செய்வது என்று நான் சரியாக யோசித்தேன். தெருவை யோசிக்கவில்லை. நீங்கள் ஒரு இடத்தை அமைதியாக்கும்போது, அந்த அமைதியை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான்.

இயக்குநர் அன்று கெட்ட மனிதராக நடந்துகொள்ளவில்லை. உடனே ஒருவரோடு அரிமளம் போனார். கருப்பையா கதவைத் திறக்கவில்லை. போஸ்டரைக் கிழித்துவிட்டுத் திரும்பினார்கள். வந்ததும் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் பேசியது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். பதிவாகியிருந்தது. துல்லியமாக. கரகரப்பு எதுவும் இல்லை. அதைப் படத்தில் வைப்பதா வேண்டாமா என்பது என் முடிவு இல்லை, அவர் முடிவும் இல்லை என்றேன். அக்காவிடம் போனேன்.

அக்கா விரல் கட்டை அவிழ்த்துவிட்டுத் திண்டில் சாய்ந்திருந்தார்.

"அண்ணன் பேசுனது எங்கிட்ட இருக்குக்கா. கேக்குறீங்களா?"

"எனக்கென்னத்துக்கு? நாந்தான் கேட்டேன்ல."

"என்ன செய்ய?"

"அழிச்சிரு. அது செத்தவகிட்டப் பேசுனது. உசுரோட இருக்கவளுக்குச் சொல்லல."

அவர் பார்க்கும்படியே அழித்தேன். பிறகு அழித்ததற்காக இயக்குநர் என்னோடு சில நாள் பேசவில்லை. அவருடைய வருத்தத்திலும் நியாயம் இருந்தது. அப்படி ஒரு ஒலியை அவர் வாழ்நாளில் இனி எடுக்கப்போவதில்லை.

காட்சியை முடிக்காமல் விட வழியில்லை. கொட்டுக்காரர்கள் அன்று ஒருநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. தானே போய்ப் படுத்துக்கொண்டு, விரலைக் கட்டச் சொன்னார். மேக்கப் பெண் அந்தச் சேலையை எடுத்து மடிக்கப் போனாள்.

"அதுல கை வைக்காத. அது மேலயே இருக்கட்டும்."

உதவி இயக்குநர் தயங்கியபடி வசனத்தை நினைவுபடுத்தினார். "கொட்டு நின்னதும் எந்திரிச்சு, பொறந்த வீட்ல இருந்து ஒரு ஈ காக்காகூட..."

"அதச் சொல்ல மாட்டேன் தம்பி."

"ஏன்க்கா? அதுதானே காமெடி."

"வரலன்னு எப்புடிச் சொல்லுவேன்? வந்துச்சுல்ல. எங்கண்ணன் கொண்டாந்துச்சுல்ல. ஊரே பாத்துச்சு."

இயக்குநர் ஸ்கிரிப்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப எந்திரிச்சு என்ன சொல்வீங்க?"

"எந்திரிக்கவே மாட்டேன்."

அப்படியே எடுத்தோம். கொட்டு அடித்தார்கள், ஒப்பாரி வைத்தார்கள், ஒருவர் பிஸ்கட் தின்றார். கொட்டு நின்றது. எல்லோரும் பிணத்தைப் பார்த்தார்கள். இந்த முறை ஓட வேண்டாம் என்று மட்டும் சொல்லப்பட்டிருந்த நாடகக்காரர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மாலைக்கடியில் இருந்த மைக்கின் சத்தத்தை மெல்ல உயர்த்தினேன். மூச்சே கேட்கவில்லை. பயந்துபோய் இன்னும் உயர்த்தினேன். வெகுநேரம் கழித்து, சேலையின் மொடமொடப்புக்குக் கீழே மிக மெதுவாக ஒருமுறை வந்தது.